தண்ணீர் மேல் மினுக்கத்தை எடுக்கும் கண்ணாடி: தூண்டில்காரர்களுக்குப் போலரைஸ்டு விளக்கம்

தூண்டில் போடுகிறவர்கள் நாலு பேர் கூடினால் போலரைஸ்டு கண்ணாடி பற்றி மூன்று பேச்சு நிச்சயம் காதில் விழும். "நல்லா கறுப்பா இருந்தா அதுதான் போலரைஸ்டு." "போலரைஸ்டுன்னாலே யூவி (புற ஊதாக் கதிர்) தடுத்துடும்." "அதைப் போட்டா எந்தத் தண்ணியிலயும் மீன் தெரியும்." மூன்றும் தவறு. கடையில் விற்பவர்களும் இதே மூன்றைத்தான் சொல்கிறார்கள் என்பதால் வாங்கியவர்களில் பாதிப் பேர் ஏமாந்ததாக நினைக்கிறார்கள், மீதிப் பேர் ஏமாந்தது தெரியாமலே போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

போலரைஸ்டு என்பது கருமையின் அளவும் இல்லை, தரத்தின் பெயரும் இல்லை. குறிப்பிட்ட ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விழுங்குகிற வடிகட்டி அது. அந்த ஒளி எங்கிருந்து, எந்தக் கோணத்தில் வருகிறது என்று பிடிபட்டுவிட்டால் எதை வாங்குவது என்பது எளிது. வாங்கியதைப் போட்டுக்கொண்டு கரையில் எங்கே நிற்பது என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது.

## மீனை மறைப்பது வெளிச்சம்தான்

பகலில் தெருவில் நின்று ஒரு வீட்டின் கண்ணாடிச் சன்னலைப் பார்த்தால் உங்கள் முகமும் எதிர்வீட்டு மாடியும்தான் தெரியும். இரவில் உள்ளே விளக்கெரிந்தால் அறை முழுக்கத் தெரியும். சன்னல் அதேதான். வெளியிலிருந்து தெறிக்கும் வெளிச்சம் அதிகமா, உள்ளிருந்து வரும் வெளிச்சம் அதிகமா என்பதுதான் மாறுகிறது.

ஏரித் தண்ணீரும் அப்படித்தான். கரையில் நிற்பவரின் கண்ணுக்கு இரண்டு வெளிச்சங்கள் வருகின்றன. ஒன்று, வானத்து வெளிச்சம் தண்ணீரின் மேற்பரப்பில் பட்டு அப்படியே திரும்பி வருவது. இதைத் தெறிப்பு என்று வைத்துக்கொள்வோம். இன்னொன்று, தண்ணீருக்குள் இறங்கி மீன் முதுகிலும் பாசியிலும் சேற்றிலும் பட்டுத் திரும்பி மேலே வருவது. இரண்டாவது மிகவும் மங்கல். முதலாவது அதை மூழ்கடித்துவிடுகிறது.

சாதாரண கூலிங் கிளாஸ் இரண்டையும் ஒரே அளவில் குறைக்கிறது. ரேடியோவில் கரகரப்பு வந்தால் சத்தத்தைக் குறைக்கிற மாதிரி: கரகரப்பும் குறையும், பாட்டும் குறையும். கண் கூசாது, ஆனால் மீன் தெரியாது. நமக்கு வேண்டியது கரகரப்பை மட்டும் எடுக்கும் வழி.

## ஓட்டுச்சில்லு சொல்லும் பாடம்

ஒளி ஓர் அலை. அது போகும் திசைக்குக் குறுக்கே அதிர்ந்துகொண்டே போகும். சூரியனிலிருந்து வரும் ஒளியில் மேலும் கீழும், இடமும் வலமும், சாய்வாகவும் என்று எல்லாத் திசை அதிர்வும் கலந்திருக்கும். இந்தக் கலவை மாறி, அதிர்வு ஒரே திசைக்கு ஒழுங்குபட்டுவிட்டால் அதைத் தளவிளைவு என்கிறது பள்ளிப் பாடநூல். போலரைஸ்டு என்ற சொல்லின் பொருள் அவ்வளவுதான்.

குளத்தில் ஓட்டுச்சில்லு எறிந்திருப்பீர்கள். தண்ணீருக்குப் படுக்கையாகப் போய் விழும் சில்லு தத்தித் தத்திப் போகும். நிமிர்ந்தபடி விழும் சில்லு 'தளக்' என்று உள்ளே போய்விடும். ஒளியும் ஏறக்குறைய இப்படி நடந்துகொள்கிறது. சாய்வாக வந்து விழும் ஒளியில் தண்ணீர்ப் பரப்புக்கு இணையாக, அதாவது கிடைமட்டமாக அதிரும் பங்கு அதிகம் தெறிக்கிறது. மற்ற பங்கு பெரும்பாலும் உள்ளே இறங்கிவிடுகிறது. ஆகவே நம் கண்ணுக்கு வரும் தெறிப்பு முக்கியமாகக் கிடைமட்ட அதிர்வு.

சில்லு நினைவில் வைத்துக்கொள்ளத்தான். உண்மையில் நடப்பது வேறு. ஒளி தண்ணீரில் பட்டதும் அங்குள்ள எலக்ட்ரான்களைத் தன் அதிர்வுத் திசையிலேயே ஆட்டுகிறது. ஆடும் எலக்ட்ரான்கள் ஒளியைத் திரும்ப வெளியிடுகின்றன. தெறிப்பு என்பதே அதுதான். ஆனால் ஓர் எலக்ட்ரான் தான் ஆடுகிற திசையை நோக்கி ஒளியை அனுப்புவதே இல்லை. ஒரு குறிப்பிட்ட கோணத்தில், கிடைமட்டம் அல்லாத அதிர்வுக்குத் தெறிப்பு போகவேண்டிய பாதையும் எலக்ட்ரான் ஆடும் திசையும் ஒன்றாகிவிடுகின்றன. அந்தப் பங்கு அங்கே அடங்கிவிடும். மிஞ்சுவது முழுக்க முழுக்கக் கிடைமட்ட அதிர்வு மட்டும்.

அந்தக் கோணத்துக்குப் புரூஸ்டர் கோணம் என்று பெயர். ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் புரூஸ்டர் 1815இல் அதற்கான விதியைக் கண்டுபிடித்தார். அதற்கு முன்பே, 1808இல், பாரிஸில் எத்தியேன் லூயி மாலஸ் என்ற இயற்பியலாளர் எதிரிலிருந்த அரண்மனைச் சன்னலில் பட்டுத் தெறித்த மாலைச் சூரியனை ஒரு படிகத்தின் வழியே பார்த்து, தெறித்த ஒளி ஒழுங்குபட்டிருப்பதைக் கவனித்திருந்தார். தண்ணீருக்குப் புரூஸ்டர் கோணம் செங்குத்திலிருந்து சுமார் 53 பாகை. தண்ணீர்ப் பரப்பிலிருந்து அளந்தால் 37 பாகை. கரையில் எங்கே நிற்பது என்ற கேள்விக்கு இந்த எண்தான் விடை.

## சன்னல் கம்பியும், அது தவறாகும் இடமும்

நம் ஊர்ச் சன்னல்களில் கம்பிகள் நிமிர்ந்து நிற்கும். அவற்றின் நடுவே ஒரு கயிற்றை விட்டு, ஒரு முனையை மேலும் கீழும் ஆட்டினால் அலை கம்பிகளுக்கிடையே மறுபக்கம் போகும். இடமும் வலமும் ஆட்டினால் கம்பியில் இடித்து நின்றுவிடும். போலரைஸ்டு லென்ஸும் இப்படித்தான்: நெட்டாக அதிரும் ஒளியை விடும், கிடைமட்டமாக அதிர்வதைத் தடுக்கும்.

இவ்வளவும் சரி. ஆனால் லென்ஸுக்குள் கம்பிகள் நிமிர்ந்து நிற்கின்றன என்று நினைத்தால் தவறு. லென்ஸின் நடுவே பாலிவினைல் ஆல்கஹால் என்ற பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. அதை ஒரே திசையில் இழுத்து நீட்டும்போது அதன் நீளமான மூலக்கூறுகள் வாரிச் சீவிய தலைமுடிபோல வரிசையாகப் படிகின்றன. பிறகு அயோடினோ வேறு சாயமோ ஏற்றுகிறார்கள். அந்த வரிசையின் திசையிலேயே அதிரும் ஒளியை அவை விழுங்கிவிடும். ஆகவே கண்ணாடியில் அந்த வரிசைகள் படுத்துக் கிடக்கின்றன, சன்னல் கம்பிக்கு நேர் எதிராக. இந்த முறையை 1930களில் உருவாக்கியவர் அமெரிக்கரான எட்வின் லேண்ட். 1937இல் அவர் தொடங்கிய நிறுவனம்தான் போலராய்டு.

இதிலிருந்து நடைமுறைக்கு இரண்டு செய்திகள் கிடைக்கின்றன.

முதலாவது: கலவையான ஒளியில் பாதியை இந்தப் படலம் எப்படியும் விழுங்கித்தான் ஆகவேண்டும். ஆகவே பாதிக்கு மேல் ஒளியை உள்ளே விடும் லென்ஸ் முழுமையான போலரைஸ்டாக இருக்க வழியே இல்லை. வெள்ளைக் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும் ஒன்றை "நூறு சதவீதம் போலரைஸ்டு" என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

இரண்டாவது: திசை முக்கியம். தலையை 10 பாகை சாய்த்தால் தெறிப்பில் 3 சதவீதம்தான் உள்ளே நுழையும், கவலையில்லை. 30 பாகை சாய்த்தால் 25 சதவீதம் நுழைந்துவிடும். 45 பாகையில் பாதி. ஆனாலும் அனுபவசாலிகள் தண்ணீரைப் பார்க்கும்போது தலையை இப்படியும் அப்படியும் மெதுவாகச் சாய்ப்பார்கள். காரணம் இருக்கிறது. சிற்றலை ஓடும் தண்ணீர் முழுத் தட்டையாக இருப்பதில்லை, நீல வானத்தின் ஒளியும் ஏற்கெனவே ஓரளவு ஒழுங்குபட்டுத்தான் வருகிறது. ஆகவே தெறிப்பின் அதிர்வு சரியாகக் கிடைமட்டத்தில் இல்லாமல் சற்றுச் சாய்ந்திருக்கலாம். தலைச்சாய்வால் அதைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

இதுவரை பார்த்ததன் சாரம்: தெறிப்பு பெரும்பாலும் கிடைமட்டமாக அதிர்கிறது, லென்ஸ் அந்த அதிர்வை விழுங்குகிறது, மீனிடமிருந்து வரும் ஒளியில் பாதிக்குச் சற்றுக் குறைவானது படலத்தைக் கடந்து வருகிறது. கருமைக்கும் இதற்கும் தொடர்பில்லை.

## எங்கே நின்றால் தெரியும்

கண்ணாடி வாங்கியவர்கள் அதிகம் கோட்டைவிடுவது இங்கேதான்.

தண்ணீரிலிருந்து உங்கள் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதன் 1.33 மடங்கு தூரத்தில் இருக்கும் தண்ணீர்ப் பரப்பைப் பார்க்கும்போது நீங்கள் சரியாகப் புரூஸ்டர் கோணத்தில் பார்க்கிறீர்கள். (1.33 என்பது தண்ணீரின் ஒளிவிலகல் எண்ணும்கூட. இரண்டும் ஒன்றாக வருவது தற்செயல் அல்ல, புரூஸ்டர் விதியே அதுதான்.) தண்ணீர் ஓரத்தில் நிற்பவரின் கண் 1.5 மீட்டர் உயரத்தில் என்றால் 2 மீட்டர் தூரத்தில் கண்ணாடி வழியே தெறிப்பு ஏறக்குறைய இருக்காது. ஏரிக்கரை மேட்டில் நின்று கண் 3 மீட்டர் உயரத்துக்கு வந்துவிட்டால் அந்த இடம் 4 மீட்டருக்குத் தள்ளிப்போகும். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நிற்பவருக்குக் கண் தண்ணீருக்கு மேல் 60 சென்டிமீட்டர்தான். அவருக்கு நல்ல இடம் 80 சென்டிமீட்டரிலேயே முடிந்துவிடும். கடலில் இறங்கி நின்று தூண்டில் வீசுகிறவர்கள் "இந்தக் கண்ணாடி ஒண்ணும் வேலை செய்யல" என்று சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் கண்ணாடி இல்லை, உயரம்.

சரியான புள்ளிக்கு இருபுறமும் கொஞ்சம் தாராளம் உண்டு. தட்டையான தண்ணீரில், கண் உயரத்துக்குச் சமமான தூரம் முதல் இரண்டு மடங்கு தூரம் வரை, தெறிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் போய்விடும். நான்கு மடங்கு தூரத்தில் கால்வாசிக்கு மேல் மிஞ்சும். அதற்கும் அப்பால் தெறிப்பே பலமாகிவிடும், அதில் கிடைமட்டம் அல்லாத பங்கும் கலந்துவிடும். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாலும் இதை மாற்ற முடியாது. அதனால் தூரத்தில் மீன் தேட வேண்டுமென்றால் உயரத்தைத் தேடுங்கள்: கரைமேடு, பாலம், படகின் முன்பலகை. ஆனால் உயரத்தில் நிற்பவரை மீனும் சுலபமாகப் பார்க்கும். ஆகவே மேட்டில் நின்று மீன் இருக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டு, கீழே இறங்கி வந்து வீசுவது நல்லது.

காலடியில் நேர் கீழே பார்க்கும்போது கண்ணாடி உதவாது. அங்கே தெறிப்பு ஒழுங்குபடுவதே இல்லை. இருந்தாலும் கவலை வேண்டாம், நேர் கீழே பார்க்கையில் தெறிப்பது 2 சதவீதம்தான்.

சூரியன் பக்கம் வருவோம். சூரியனைப் பார்த்தபடி நிற்கும்போது தண்ணீரில் ஒரு வெள்ளிப் பாதை மினுங்கும். சூரியன் அடிவானத்திலிருந்து 37 பாகை உயரத்தில் இருக்கையில் அந்தப் பாதையின் மையம் சரியாகப் புரூஸ்டர் கோணத்தில் வந்து விழும், கண்ணாடி அதை ஏறக்குறைய துடைத்துவிடும். தமிழ்நாட்டில் மார்ச், செப்டம்பர் மாதங்களில் இது காலை 8:45 வாக்கிலும் பிற்பகல் 3:30 தாண்டியும் நடக்கிறது. விடிந்தும் விடியாமல் கிழக்கு பார்த்து நின்றால் சூரியன் மிகத் தாழ்வாக இருப்பதால் கண்ணாடி பாதி வேலைதான் செய்யும். அப்போது சூரியனை முதுகுப்பக்கம் வைத்து நிற்பது கண்ணாடியைவிடப் பெரிய உதவி. உங்கள் நிழல் மீன்மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேகமூட்டமான நாளில் போலரைஸ்டு வேண்டாம் என்பது இன்னொரு தவறான பேச்சு. அன்று வானம் முழுக்க வெள்ளையாக ஒளிர்ந்து, தண்ணீர் முழுக்கப் பால் ஊற்றியதுபோல் தெரியும். அந்த வெளிச்சமும் தண்ணீரில் தெறிக்கும்போது ஒழுங்குபட்டுத்தான் வருகிறது. அன்றைக்குத்தான் கண்ணாடி உண்மையில் தேவை. லென்ஸின் கருமை மட்டும் குறைவாக இருக்கவேண்டும்.

## கண்ணாடியால் ஆகாத காரியங்கள்

கலங்கல் தண்ணீருக்குள் எந்தக் கண்ணாடியும் பார்க்காது. மழை வெள்ளம் புதிதாக இறங்கிய காவிரியில், செம்மண் கரைந்த ஏரியில், ஒளி உள்ளே போய் மண் துகள்களில் சிதறித் திரும்புகிறது. அது தெறிப்பு அல்ல, ஆகவே வடிகட்டி அதை அடையாளம் காணாது. காற்றில் சுருங்கிக் குலையும் தண்ணீரிலும் இதே கதை. ஒவ்வொரு சிற்றலையும் ஒவ்வொரு கோணத்தில் சாய்ந்திருப்பதால் மினுக்கம் குறையும், ஆனால் உருவம் கோணிக் கலைந்துதான் தெரியும்.

ஒளிவிலகலையும் இது சரிசெய்யாது. நேர் மேலிருந்து பார்த்தால் 4 அடி ஆழத்தில் இருக்கும் மீன் 3 அடியில் இருப்பதாகத் தோன்றும். சாய்ந்து பார்த்தால் இன்னும் மேலே தெரியும். வீச்சுவலை போடுகிறவர்களுக்கு இது கைப்பழக்கம். புதிதாகக் கண்ணாடி போட்டவர்தான் மீன் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறதே என்று இரையைக் குறைந்த ஆழத்தில் நிறுத்திவிடுவார்.

## நிறத்தை முடிவுசெய்வது உங்கள் தண்ணீர்

நிறத்துக்கும் போலரைஸ்டுக்கும் தொடர்பில்லை. வடிகட்டும் படலம் தெறிப்பைப் பார்த்துக்கொள்கிறது. நிறம் செய்வது, மீனுக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டைக் கூட்டுவது.

முதல் கண்ணாடிக்கு நாம் பழுப்பையே சொல்வோம்: செம்பு நிறம், தேன் நிறம் என்று கடையில் சொல்கிற வகை. தண்ணீரிலும் காற்றிலும் அதிகம் சிதறுவது நீல ஒளி. சிதறிய நீலம் மூடாக்குப்போல எல்லாவற்றையும் மங்கலாக்கும். பழுப்பு லென்ஸ் நீலத்தைப் பெருமளவு வெட்டிவிடுவதால் பாசிப் பச்சைக்கும் மீன் முதுகின் கறுப்புக்கும் உள்ள வித்தியாசம் எடுப்பாகத் தெரிகிறது. குளம், ஏரி, அணைக்கட்டு, பழவேற்காடு போன்ற ஆழம் குறைந்த காயல், கடலோரத்துப் பாறை, எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அல்லிக்கொடிகளுக்கு நடுவே விரால் மூச்சு வாங்க மேலே வரும் நிழலையும், பளிச்சென்ற மணல் மேல் ஓடும் மடவைக் கூட்டத்தையும் பிடித்துக் காட்டுவது இந்த நிறம்தான். (செந்நிறக் குஞ்சுக் கூட்டம் தண்ணீர் மேல் கொதிப்பதுபோலத் தெரிந்தால் அதன் கீழே காவலுக்குத் தாய் தகப்பன் விரால் நிற்கும். கண்ணில் பட்டாலும் விட்டுவிடுங்கள். அதைப் பிடித்தால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகும்.)

சாம்பல் நிறம் எல்லா நிறங்களையும் சமமாகக் குறைக்கும். பார்ப்பது உள்ளபடியே தெரியும், வேறுபாடு கூடாது. தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கம் ஆழ்கடலுக்குப் போய் நாள் முழுக்க வெயிலில் இருந்து, பறவைக் கூட்டத்தையும் மேலே துள்ளும் சூரையையும் தேடுகிறவர்களுக்கு இது ஏற்றது. அங்கே பிரச்சினை வெளிச்சத்தின் அளவு, நிற வேறுபாடு இல்லை. மஞ்சளும் வெளிர் தேன் நிறமும் விடியற்காலைக்கும் அந்திக்கும் மழைமூட்டத்துக்கும். நடுப்பகலில் அவற்றைப் போட்டால் கண் வலிக்கும். பச்சை, பழுப்புக்கும் சாம்பலுக்கும் நடுவில். குறையும் சொல்ல முடியாது, நிறையும் சொல்ல முடியாது.

மேலே நீலமாகவோ பச்சையாகவோ பளபளக்கும் கண்ணாடிப் பூச்சு தனிச் சமாச்சாரம். வெளிச்சத்தில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும், அவ்வளவே. லென்ஸின் உண்மையான நிறத்தைப் பார்க்க, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெள்ளைத் தாளைப் பாருங்கள். வெளியே நீலம் பூசிய பல லென்ஸ்கள் உள்ளே பழுப்பாக இருக்கும்.

## கருமைக்கு எண் உண்டு, புற ஊதாவுக்கு வேறு எண்

லென்ஸ் எவ்வளவு ஒளியை உள்ளே விடுகிறது என்பதற்கு ஒளிவிடு சதவீதம் என்று பெயர். பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 12312-1 இதை 0 முதல் 4 வரை வகைப்படுத்துகிறது. வகை 2 என்றால் 18 முதல் 43 சதவீதம், வகை 3 என்றால் 8 முதல் 18, வகை 4 என்றால் 3 முதல் 8. நல்ல வெயிலில் மீன்பிடிக்க வகை 3 போதும். விடியலுக்கும் மேகத்துக்கும் வகை 2. வகை 4 லென்ஸைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது. தூண்டில் முடித்து அதே கண்ணாடியோடு பைக்கில் வீடு திரும்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஃபிரேமின் உள்பக்கம் வகை எண் சிறிதாக அச்சிட்டிருக்கும்.

புற ஊதாத் தடுப்பு முற்றிலும் வேறு. 400 நானோமீட்டருக்குக் கீழுள்ள, கண்ணுக்குத் தெரியாத கதிர்களைத் தடுத்தால் 'யூவி 400' என்று எழுதுவார்கள். போலரைஸ்டு படலம் இதற்குப் பொறுப்பல்ல, லென்ஸ் பொருளும் அதில் கலந்த சேர்மமும்தான் பொறுப்பு. புற ஊதாவைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடி, கண்ணாடியே போடாததைவிட மோசமாகலாம். இருட்டென்று நினைத்துக் கண்பாவை விரியும், விரிந்த பாவை வழியே அந்தக் கதிர்கள் கூடுதலாக நுழையும். வெயிலிலும் தண்ணீரிலும் நாள் கழிப்பவர்களுக்குக் கருவிழியை நோக்கிச் சதை வளர்வது கடற்கரை ஊர்களில் புதிதல்ல. அதற்கும் புற ஊதாவுக்கும் தொடர்பு உண்டு.

## லென்ஸ் எந்தப் பொருள்

தூண்டிலில் மீன் உதறிவிட்டால் ஈயக்குண்டும் முள்ளும் இழுத்த வேகத்தில் முகத்தை நோக்கித் திரும்பி வரும். ஆகவே முதல் கேள்வி பார்வைத் தெளிவு அல்ல, உடையுமா என்பதுதான். பாலிகார்பனேட் பிளாஸ்டிக் உடைவது மிக அரிது, எடையும் குறைவு. சுலபமாகக் கீறல் விழும், ஆகவே மேலே கீறல் தாங்கும் பூச்சு வேண்டும். கனிமக் கண்ணாடி லென்ஸில் எளிதில் கீறல் விழாது, தெளிவில் அதற்கு ஈடில்லை, ஆனால் கனம். பலமாக அடிபட்டால் உடையும். நாள் முழுக்க மூக்கின் மேல் சுமப்பவருக்கு அந்தக் கனம் மாலைக்குள் தெரிந்துவிடும். சிஆர்-39 என்ற பிளாஸ்டிக் தெளிவில் நல்லது, அடி தாங்குவதில் பாலிகார்பனேட்டுக்குக் கீழே. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் போலரைஸ்டு கண்ணாடிகள் பெரும்பாலும் டிஏசி என்ற செல்லுலோஸ் தாள்களை அடுக்கி ஒட்டியவை. தெறிப்பை அவையும் நன்றாகவே எடுக்கும். வெயிலும் உப்பும் பட்டுப்பட்டு அடுக்குகள் பிரிவதுதான் பிரச்சினை. ஒரு பருவத்துக்கு வாங்கிப் பழகிப் பார்க்க அது தவறான தேர்வு இல்லை.

பவர் கண்ணாடி போடுகிறவர்களுக்கு, பவரோடு போலரைஸ்டு லென்ஸ் கண்ணாடிக் கடையில் சொல்லிச் செய்துகொள்ளலாம். செலவைக் குறைக்க, இருக்கும் கண்ணாடிக்கு மேலே மாட்டும் கிளிப்போ, அதையே மூடுகிற பெரிய ஃபிரேமோ போதும். கிட்டப் பார்வைக்குத் தனிப் பவர் உள்ளவர்கள் லென்ஸின் அடிப்பகுதியில் அதைச் சேர்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தூண்டில் நரம்பில் முடிச்சுப் போட ஒவ்வொரு முறையும் கண்ணாடியைக் கழற்றவேண்டி வரும்.

ஃபிரேம் விஷயத்தில் ஒன்றே ஒன்று: பக்கவாட்டு வெளிச்சம். லென்ஸின் உள்பக்கத்தில் பின்னாலிருந்து வரும் வெயில் பட்டால் உங்கள் கண்ணையே நீங்கள் பார்ப்பீர்கள். தெறிப்பைப் போக்க வாங்கிய கண்ணாடி புதிதாக ஒரு தெறிப்பைத் தரும். முகத்தை வளைத்துப் பிடிக்கும், நெற்றிப்பொட்டு அருகே அகலமான ஃபிரேம் நல்லது. அடிப்பக்கம் கறுப்பாக உள்ள விளிம்புத் தொப்பி மீதியைப் பார்த்துக்கொள்ளும். கழுத்துக்கு ஒரு கயிறும் மாட்டுங்கள், லென்ஸ் தண்ணீரில் மூழ்கும்.

## கடையில் எடுத்துப் பார்க்கும்போது

கடையில் ஓர் அட்டையைக் காட்டி, கண்ணாடி வழியே பார்த்தால் மட்டும் மீன் படம் தெரிகிறது என்பார்கள். லென்ஸில் படலம் இருக்கிறது என்பதைத்தான் அது காட்டும். படலம் சரியான திசையில் பொருத்தப்பட்டிருக்கிறதா என்பதை இப்படிப் பாருங்கள்.

கடையின் பளபளப்பான தரையிலோ மேசைக் கண்ணாடியிலோ சன்னல் வெளிச்சம் தெறிக்கும் இடத்தைச் சாய்வாகப் பாருங்கள். கண்ணாடியை முகத்துக்கு முன்னே கையில் பிடித்து, மாட்டும் நிலையிலேயே வைத்தால் தெறிப்பு மங்க வேண்டும். மெல்லத் திருப்பி 90 பாகைக்குக் கொண்டுபோனால் தெறிப்பு பளிச்சென்று திரும்பி வரவேண்டும். நேர்மாறாக நடந்தால் படலத்தைத் தவறான திசையில் ஒட்டியிருக்கிறார்கள். எந்தத் திசையிலும் மாற்றம் இல்லையென்றால் அது வெறும் கூலிங் கிளாஸ். உலோகப் பரப்பில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். உலோகத்தில் தெறிப்பு இப்படி ஒழுங்குபடாது.

பிறகு இரண்டு லென்ஸையும் தனித்தனியாகச் சோதியுங்கள். ஒரே மாதிரி இன்னொரு கண்ணாடியைக் குறுக்கே, 90 பாகையில் பிடித்து வெளிச்சத்தைப் பார்த்தால் இரண்டு லென்ஸும் அதே கோணத்தில் ஏறக்குறைய கறுத்துவிட வேண்டும். ஒன்று முந்தியும் மற்றது பிந்தியும் கறுத்தால் இரண்டின் திசையும் ஒத்துப்போகவில்லை. அப்படிப்பட்ட கண்ணாடியில் ஒரு கண் தெறிப்பைப் பார்க்கும், மற்றது பார்க்காது. இரண்டு மணி நேரத்தில் தலைவலி வரும். மலிவான கண்ணாடிகளில் அதிகம் காணும் குறை இது.

புற ஊதாத் தடுப்பைக் கண்ணால் சோதிக்க வழியில்லை. சில கண்ணாடிக் கடைகளில் அதற்கென்று சிறு கருவி வைத்திருப்பார்கள், கேட்டால் வைத்துப் பார்த்துச் சொல்வார்கள்.

## படகில் திரை கறுத்துப்போனால்

மீன் காட்டும் கருவி, ஜிபிஎஸ், கைபேசி ஆகியவற்றின் திரைகள் பலவற்றிலும் ஒரு போலரைஸ்டு படலம் இருக்கிறது. அதன் திசையும் உங்கள் லென்ஸின் திசையும் குறுக்காகிவிட்டால் திரை கறுத்துப்போகும். கருவி கெட்டுவிடவில்லை. தலையையோ திரையையோ சாய்த்தால் தெரியும். கருவியைப் படகில் பொருத்தும் முன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்து, தெளிவாகத் தெரியும் நிலையில் திருகை இறுக்குவது புத்திசாலித்தனம். காரின் சன்னல் கண்ணாடியில் புள்ளிப் புள்ளியாகவோ வானவில்போலவோ தெரிவதும் பழுது அல்ல. சூடாக்கிக் கெட்டிப்படுத்திய கண்ணாடிக்குள் இருக்கும் அழுத்தத்தின் தடம் அது.

## துடைப்பதற்கு முன் கழுவுங்கள்

கடலில் தெறித்த நீர் காய்ந்தால் லென்ஸின் மேல் உப்புப் பரல்கள் உட்கார்ந்திருக்கும். சட்டை நுனியால் துடைத்தால் அவற்றை வைத்து நீங்களே தேய்த்துக் கீறுகிறீர்கள். குடிக்கும் தண்ணீர் கொஞ்சம் ஊற்றிக் கழுவி, பிறகு கண்ணாடித் துணியால் ஒற்றியெடுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவமும் குழாய்த் தண்ணீரும் போதும். சுடுநீர் வேண்டாம்.

கொசு விரட்டி தடவிய கையால் லென்ஸைத் தொடாதீர்கள். அதிலுள்ள டீட் என்ற வேதிப்பொருள் சில பிளாஸ்டிக்குகளைக் கரைத்து மங்கலாக்கும். வெயிலில் நிற்கும் காரின் முன்பலகைமேல் கண்ணாடியை வைப்பதும் கூடாது. சூட்டில் லென்ஸ் அடுக்குகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் விரிந்து ஒட்டு விடுபடும். லென்ஸ் ஓரத்தில் வெண்ணிறக் குமிழோ சிலந்திவலைபோன்ற கோடோ தெரிந்தால் ஈரம் உள்ளே இறங்கிவிட்டது. அதை ஒட்டிச் சரிசெய்ய முடியாது, ஃபிரேம் நன்றாக இருந்தால் லென்ஸை மட்டும் மாற்றலாம்.